ஒற்றைப் பாம்பின் பேரினம்

கோயில்பிள்ளை சட்டைப் பொத்தான்களை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார் என்பது மதுரை ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஹெப்சிபாவின் கண்ணில் பட்டது. பாளையங்கோட்டையில் வீட்டைப் பூட்டும்போது பார்க்கவில்லை, ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து வந்தும் பார்க்கவில்லை. காலமெல்லாம் உருப்பெருக்கிக்குக் கீழே பாம்பின் செதில்களைப் பார்த்துப் பழகிய கண், இந்தச் செதில் தனியாக நிற்கிறதா பக்கத்துச் செதிலோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து இதை அந்தக் கூட்டத்தில் வை அதை இந்தக் கூட்டத்தில் வை என்று தீர்ப்புச் சொன்ன கண், புருஷனின் சட்டைப் பொத்தானைக் கோட்டை விட்டிருக்கிறது. அவள் குனிந்து ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சரியாக மாட்டினாள். அவர் நெஞ்சைக் காட்டிக்கொண்டு மேலே மின்விசிறியைப் பார்த்தார். "சுத்துது" என்றார். "ஆமா அத்தான், சுத்துது" என்றாள். ஃபேன் என்ற சொல் அவரிடமிருந்து போய் வெகுகாலமாகிவிட்டது, கொஞ்ச நாள் காத்து என்றார், பிறகு அது என்றார், இப்போது பெயரும் போய் அது செய்கிற வேலை மட்டும் மிஞ்சியிருக்கிறது, சுத்துது, நாளைக்கு அதுவும் போகும், பிறகு அண்ணாந்து பார்ப்பது மட்டும் இருக்கும், பிறகு அண்ணாந்து பார்ப்பதும், வேண்டாம், அங்கே போகவேண்டாம் என்று அவள் மனசைப் பிடித்து இழுத்தாள், அது கட்டிய கயிற்றின் நீளத்துக்குப் போய்விட்டுத் திரும்ப அதே முளைக்கு வந்தது. கைப்பையில் செல்போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்காமலே தெரியும், தனபால்தான். பெங்களூரில் மரபணு ஆய்வுக்கூடம் வைத்திருப்பவன், இன்று ஆய்விதழுக்குப் போகவேண்டிய பாம்புக் கட்டுரையை அவளோடு சேர்ந்து எழுதியவன். காலையில் வள்ளியூர்க்காரி ஒருத்தி கொய்யாப்பழம் விற்றுக்கொண்டு ரயிலில் வந்தபோதே ஒரு செய்தி வந்தது. 'மேடம், இன்னிக்கு சாயங்காலம் கடைசி. நீங்க சரின்னு சொன்னா அனுப்பிடுவேன். சாரை நெனச்சு யோசிக்கிறீங்கன்னு தெரியுது.' நல்ல பையன், மரியாதை தெரிந்தவன், ஆனால் சாரை நெனச்சு என்பதில் எந்தச் சாரை, அதுதானே கேள்வி, பாம்பின் வால் நுனியைப் பார்த்ததும் அது எந்த மலையில் எந்தச் சரிவில் கிடைத்திருக்கும் என்று சொல்லிவிடுகிற அந்தச் சாரையா, பக்கத்தில் உட்கார்ந்து சுத்துது என்கிற இந்தச் சாரையா.

கோயில்பிள்ளை ஒரு பாம்புக் குடும்பத்துக்குத் தன்னைக் கொடுத்தவர். ஆராய்ச்சிக்காரர்கள் குடும்பம் என்று சொல்வது ஒரே மூதாதையிடமிருந்து கிளைத்த பெரிய வம்சத்தை. அதற்குள்ளே நெருங்கிய உறவுகளைக் கூட்டம் கூட்டமாக வைத்தால் ஒவ்வொரு கூட்டமும் ஒரு பேரினம், அதற்குள்ளே தனித்தனி வகைகள். அவருடைய குடும்பம் வால்கேடயப் பாம்புகள். மண்ணுக்குள்ளேயே பிறந்து மண்ணுக்குள்ளேயே மண்புழு தின்று மண்ணுக்குள்ளேயே செத்துப்போகிற, கடிக்கத் தெரியாத சாதுக்கள். தலை கூராக இருக்கும், வாலை மட்டும் யாரோ கத்தியால் சரித்து வெட்டிவிட்டதுபோல் இருக்கும், வெட்டின இடத்தில் முள்முள்ளாக ஒரு தகடு. மலைத் தோட்டங்களில் இரண்டு தலை என்று பயந்து மண்வெட்டியால் நறுக்கிப் போடுவார்கள், அவர் அந்தத் துண்டுகளையும் வாங்கிக்கொண்டு வருவார், கல்யாணமான புதிதில் அவருடைய சட்டைப் பையில் சாராய நெடி அடிக்கிறதென்று அவள் அம்மா ஜாடையாகக் கேட்டபோது, அது பாம்பைப் போட்டுவைக்கிற சாராயம் அம்மா என்று சொல்லி அவள் சிரித்திருக்கிறாள். அவளும் விலங்கியல்தான், பெண்கள் கல்லூரியில் வேலை, பொண்ணும் மாப்பிள்ளையும் ஒரே பாடம் என்பதே பொருத்தம் என்று சபையில் பேசிக்கொண்டார்கள். பொதிகை மலையில் ஒரு தேயிலை எஸ்டேட், விடாத மழை, குடியிருப்புக்குப் பின்னால் சாணிக்குழியை ஒட்டி ஒரு பலாக்கட்டை இற்றுப்போய்க் கிடந்தது, அவள்தான் அதைப் புரட்டினாள், அட்டை கடித்து ஒழுகுகிற கணுக்காலோடு குனிந்து. ஈர மண்ணில் கறுப்பு எண்ணெய் வழிந்ததுபோல ஒன்று நகர்ந்தது. அள்ளினாள். அது அவள் விரல்களுக்குள் மோதிரம் மாதிரிச் சுற்றிக்கொண்டு வாலை உள்ளங்கையில் ஊன்றியது, பயந்த குழந்தை கட்டை விரலை ஊன்றுவதைப் போல. அத்தான் இங்க வாங்க என்று கத்தியதும், அவர் வந்ததும், வாலைப் பார்த்ததும், அப்படியே சேற்றில் உட்கார்ந்ததும். வால் தகட்டின் நடுவே நெடுக்காக ஒரு மேடு, எந்த வால்கேடயப் பாம்புக்கும் கிடையாத மேடு, கண்ணைச் சுற்றித் தனிச் செதில். "ஏட்டி ஹெப்சி, இது ஒண்ணோடயும் சேராதுட்டி" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு அவள் கேட்டதேயில்லை, மகள் ஜாய்ஸ் பிறந்தபோதுகூட. இந்தப் பாம்புக்கென்றே ஒரு பேரினம் வைத்தார், பொதிகையோஃபிஸ் என்று. ஒரே ஒரு வகை, அது ஒன்றுக்காக ஒரு முழுப் பேரினம், பெரிய வீட்டில் ஒற்றை ஆள் குடியிருப்பதைப் போல. பேரினத்துக்கு அளவுகோல் ஏது? இன்னும் சொல்லப்போனால் ஒரு வகையும் இன்னொரு வகையும் வேறு வேறு என்றால் பெரும்பாலும் பாம்பே சொல்லிவிடும், ஒன்றோடு ஒன்று கூடிக் குட்டி போடாது, ஆனால் பேரினத்தின் எல்லையை மனுஷன்தான் போடுகிறான், எத்தனை வித்தியாசம் சேர்ந்தால் தனிக் கூட்டம் என்று ஒரு சட்டமும் எழுதி வைக்கவில்லை. அதனால் இந்தத் தொழிலில் இரண்டு சாதி உண்டு, பிரிக்கிறவர்கள், சேர்க்கிறவர்கள். அவர் பிரிக்கிற சாதி, அவள் சேர்க்கிற சாதி. சாப்பாட்டு மேசையில் ராத்திரிகள் சண்டை. "உன் போக்குல விட்டா உலகத்துப் பாம்பை எல்லாம் ஒரே பாட்டில்ல போட்டு மூடிருவ" என்பார். "உங்க போக்குல விட்டா ஆளுக்கு ஒரு பாட்டில் வாங்கணும்" என்பாள். மீன்குழம்பு ஆறிப்போகும். அந்தச் சண்டையை இப்போது ஒரு தரம், ஒரே ஒரு தரம் போடக் கிடைத்தால்.

எதிர் வரிசையில் ஒரு குழந்தை இருமியது, தாய் அதன் முதுகைத் தட்டினாள், டெட்டால் வாடையும் காப்பி வாடையும் சேர்ந்து வந்தன. பாம்பின் ஈரல் துண்டைத் தனபாலுக்கு அனுப்பியது யார், நீதானே, என்று ஹெப்சிபாவின் உள்ளே ஒன்று கேட்டது. நான்தான். ஏன் அனுப்பினாய். அவர் சொன்னது சரி என்று காட்டத்தான். அவர் வேலை பார்த்த கல்லூரியின் அருங்காட்சியகத்தில் ஒருநாள் சாயங்காலம் அவர் ஒரு பாட்டிலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார், தானே பிடித்துத் தானே பெயர் வைத்த வேறொரு வகை, பிறகு அவள் பக்கம் திரும்பி "நம்ம பாம்பு" என்றார், களைப்பு என்று நினைத்தாள். அடுத்த சில மாதத்தில் வகைகளின் பெயரெல்லாம் போயிற்று. அதற்கப்புறம் பேரினங்களின் பெயர். அப்புறம் வால்கேடயம் என்ற சொல்லே. டாக்டர்கள் படம் எடுத்து, மூளையின் பக்கவாட்டில் இந்த இடம் சுருங்குகிறது, சொல்லுக்குப் பின்னாலிருக்கிற பொருளே கரைந்துபோகிற நோய் இது, நுணுக்கமானவை முதலில் போகும், பொதுவானவை கடைசியில் போகும் என்றார்கள். அவள் அந்த அறையில் சத்தமாகச் சிரித்துவிட்டாள், டாக்டர்கள் பயந்துபோனார்கள். மரத்தை நுனியிலிருந்து வெட்டிக்கொண்டு வருகிற நோய், முதலில் இலை, பிறகு கிளை, பிறகு கிளைகள் பிரிகிற கப்பு. காக்காயைக் கோழி என்றார், பிறகு கோழியையும் காக்காயையும் பறவை என்றார். மஸ்கட்டிலிருந்து ஜாய்ஸ் போனில் அழைத்தபோது, கேட்டுவிட்டு, "யாரோ ஒரு பிள்ள பேசுது" என்று போனை இவளிடம் நீட்டினார். அந்த நேரத்தில்தான் அவளுக்கு அந்த ஆசை வந்தது, பொதிகையோஃபிஸ் தனிப் பேரினம்தானா என்று கருத்தரங்குகளில் முதுகுக்குப் பின்னால் பேசினவர்கள் வாயை அடைக்கவேண்டும், மரபணுவே சாட்சி சொல்லட்டும், அவருக்குப் புரியாமல் போவதற்குள் அவர் கையில் அதைக் கொடுக்கவேண்டும். சாராயத்தில் கிடந்த பாம்பின் ஈரலில் ஒரு நகக்கண் அளவு நறுக்கி அவளே அனுப்பினாள். முடிவு வந்தபோது தனபால் உடனே பேசவில்லை, வெறும் படத்தை அனுப்பிவைத்தான். கிளைகிளையாக ஒரு மரம். அவருடைய பாம்பு தனிக் கிளையில் இல்லை. அந்தக் குடும்பத்திலேயே பெரிய பேரினம் எதுவோ அதன் நட்டநடுவில், இரண்டு சாதாரணப் பாம்புகளுக்கு இடையில், ஒரு சின்ன நுனியாக உட்கார்ந்திருந்தது. அந்த எஸ்டேட் சரிவில் மண் இறுகல், அங்கே தலைமுறை தலைமுறையாக வாலை ஊன்றி ஊன்றி வால் அப்படி ஆகியிருக்கிறது, வேறு மலையில் இறுகின மண்ணில் வேறு பாம்புக்கும் அப்படி ஆகும். அவர் தனி வம்சம் என்று படித்தது வம்சம் இல்லை, மண்.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவனை மட்டும் வெளியே நிறுத்திவிட்டு மற்றவர்களைச் சேர்த்து இதுதான் குடும்பம் என்று சொல்ல முடியாது. வைத்தால் எல்லாரையும் ஒன்றாக வைக்கவேண்டும், இல்லையென்றால் பெரிய பேரினத்தையே துண்டு துண்டாகப் பிரிக்கவேண்டும், அதற்கு எந்த நியாயமும் இல்லை, அவராலேகூட அதற்கு நியாயம் சொல்ல முடியாது, முடியுமா, சொல்லியிருப்பார், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, செதிலக் காட்டுட்டி, செதிலக் காட்டிப் பேசு, கண்ணுக்குத் தெரியாத எழுத்தை வச்சு என்னட்டி பேச்சு என்று கத்தியிருப்பார், கத்தி முடித்து, விடியும்வரை அந்த மரப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் காலையில் காப்பியை அவளுக்கு ஆற்றிக் கொடுத்தபடி, சரி, உன் சாதி ஜெயிச்சுட்டு என்றிருப்பார். அல்லது இல்லை. அல்லது ஒரு வருஷம் பேசாமல் இருந்திருப்பார். எதுவாக இருந்தாலும் அது அவர் செய்வதாக இருந்திருக்கும். இப்போது அவள் செய்வதெல்லாம் தூங்குகிறவன் கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றுவது போலிருக்கிறது, விழித்துக்கொண்டு கையைப் பிடிக்கமாட்டாரா என்று கழற்றுகிறவளே ஏங்குகிற திருட்டு. பாம்புக்கு ஒன்றும் ஆகாது. அது இப்போதும் பலாக்கட்டைக்கு அடியில் மண்புழு தேடிக்கொண்டிருக்கும். அவர் வைத்த பெயரில் வகையைச் சொல்கிற பின்பாதி நிற்கும், பேரினத்தைச் சொல்கிற முன்பாதி போகும். அதோடு ஒரு வழக்கம் உண்டு, ஒரு வகையை அதற்குப் பெயர் வைத்தவர் வைத்த பேரினத்திலிருந்து வேறு பேரினத்துக்கு மாற்றினால், பெயருக்குப் பின்னால் வருகிற அந்த ஆளின் பெயரை அடைப்புக்குறிக்குள் போடவேண்டும். இத்தனை நாள் வெறுமனே கோயில்பிள்ளை என்றிருந்தது. இனி இரண்டு வளைகோட்டுக்கு நடுவே கோயில்பிள்ளை. அச்சில் வரப்போகும் அந்தப் பக்கத்தை அவள் பலமுறை கண்ணை மூடிப் பார்த்திருக்கிறாள், ஒவ்வொரு முறையும் அந்த வளைகோடுகள் படுக்கையின் இரண்டு பக்கமும் கட்டின கம்பி மாதிரித்தான் தெரிந்தன. நிறுத்திவிடலாம். தனபாலிடம் கொஞ்ச வருஷம் பொறுக்கச் சொல்லலாம், அவர் போகிறவரைக்கும். அவர் போகிறவரைக்கும் என்று நினைத்துவிட்டோமே என்று திடுக்கிட்டுப் பக்கத்தில் பார்த்தாள். அவர் இருந்தார். கன்னத்தில் சவரம் செய்யாமல் விட்ட ஒரு திட்டு நரைமயிரோடு, யாருக்கும் கெடுதல் நினையாத முகத்தோடு இருந்தார். போவதென்றால் எது போவது, இனிமேல்தான் போகவேண்டுமா.

உள்ளே கூப்பிட்டார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், நஸ்ரின் என்று பெயர், சின்ன வயசு, சிரித்த முகம். ஹெப்சிபாவை ஓரத்து நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "சார், காலேஜ்ல என்ன பாடம் எடுத்தீங்க?" "எடுத்தேன்லா" என்றார் அவர் உற்சாகமாக, "நிறைய எடுத்தேன்." நஸ்ரின் படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள். பசு. "பிராணி" என்றார். காகம். "பிராணி." போன தடவை பறவை என்றிருந்தார், ஹெப்சிபாவுக்கு நினைவிருக்கிறது, பறவை போய்விட்டது, இந்த இடைவெளியில் எந்த நாளிலோ, அவள் துணி காயப்போடும்போதோ தக்காளி நறுக்கும்போதோ பறவை என்ற கப்பு முறிந்து விழுந்திருக்கிறது, சத்தமே கேட்கவில்லை. மீன். "பிராணி." பிறகு பாம்பு. குழந்தைகள் புத்தகத்தில் வருகிற மாதிரிப் பச்சையும் மஞ்சளுமாக வளைந்து நெளிந்த ஒரு பொம்மைப் பாம்பு, செதிலுமில்லை, எந்த மலையிலும் இல்லாதது. ஹெப்சிபா நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டாள். அவர் அட்டையைக் கையில் எடுத்தார். மற்ற அட்டைகளை எடுக்கவில்லை, இதை எடுத்தார். கண்ணுக்கருகே கொண்டுபோனார், பழைய மாதிரியே தலையைச் சற்று இடப்பக்கம் சாய்த்து, அட்டையைத் திருப்பி வால் பக்கத்தை மேலே கொண்டுவந்து, பெருவிரலால் வால் நுனியைத் தடவினார். கர்த்தாவே என்றாள் அவள் உள்ளுக்குள், ஒரு சொல், இதுக்கும் அதுக்கும் வித்தியாசம் உண்டு என்று மட்டும், பெயர்கூட வேண்டாம், இது வேறே என்று ஒரு சொல். அவர் பெருவிரலைப் பார்த்தார், மை ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்பதுபோல. அட்டையைக் கீழே வைத்தார். "பிராணி" என்றார். நஸ்ரின் குறித்துக்கொண்டாள். "நல்லா சொல்றீங்க சார். இப்ப இதுல ஒரே மாதிரி இருக்கறதெல்லாம் ஒண்ணா சேர்த்து வைங்க பார்ப்போம். வேற மாதிரி இருக்கறத தனியா." அட்டைகளை அவர் முன்னால் பரப்பினாள், பசு, காகம், மீன், பாம்பு, ரோஜாப்பூ, பஸ், மாம்பழம், ஒரு போலீஸ்காரர். பிரித்துப் பிரித்தே வாழ்ந்த மனுஷன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். அவசரப்படவில்லை. ஒவ்வொரு அட்டையையும் எடுத்து, பார்த்து, யோசித்து, முந்தினதன் மேல் வைத்தார். பசுவின் மேல் பஸ்ஸை, பஸ்ஸின் மேல் பூவை, பூவின் மேல் போலீஸ்காரரை. கடைசி அட்டையும் வைத்தபிறகு அந்த ஒற்றைக் கட்டை நிமிர்த்தி மேசையில் தட்டி ஓரங்களைச் சமமாக்கி நஸ்ரினிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். "சரியா இருக்கா?" என்று கேட்டார். "ரொம்பச் சரி சார்" என்றாள் அந்தப் பெண், குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. அப்புறம், கேட்கவேண்டிய கேள்வியாக இருந்திருக்கும், ஓரத்தைக் காட்டி, "இவங்க யாரு சார்?" என்றாள். அவர் திரும்பி ஹெப்சிபாவைப் பார்த்தார். காகத்தைப் பார்த்த அதே கவனத்தோடு பார்த்தார். "ஆளு" என்றார். அது போதாது என்று அவருக்கே பட்டதோ என்னவோ, "நல்ல ஆளு" என்றார். "பாத்தீங்களாம்மா, நல்ல ஆளுன்னு சொல்றாங்க" என்று நஸ்ரின் அவசரமாகச் சிரித்தாள். ஹெப்சிபாவும் சிரித்தாள். முன்பு ஹெப்சி என்றார், பிறகு டீச்சர் என்றார், போன கிறிஸ்துமஸ் சமயம் வீட்டுக்காரி என்றார். இனி அந்த மரத்தில் அவளுக்கென்று கிளை இல்லை, போலீஸ்காரருக்கும் அவளுக்கும் ஒரே பெயர்.

அவரைக் கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, இங்கயே இருங்க அத்தான், இப்ப வந்துருதேன் என்று சொல்லிவிட்டு மருந்துக் கவுண்டரில் போய் நின்றாள். முன்னால் நீண்ட வரிசை. போனை எடுத்தாள். 'தனபால், கொஞ்ச நாள் பொறுக்கலாமா, சாருக்கு' என்று எழுதினாள். சாருக்கு என்ற சொல்லுக்குப் பின்னால் விரல் நின்றுவிட்டது. சாருக்கு என்ன. சாருக்கு வருத்தமாக இருக்கும். இருக்காது. சாருக்குத் தெரிந்தால். தெரியாது. ஒரு வாக்கியத்தை அதற்கு மேல் கொண்டுபோக அவளால் முடியவில்லை, அந்தப் பெயரைக் காப்பாற்றிவைக்கிறோம் என்றால் யாருக்காக வைக்கிறோம், பெட்டியைப் பூட்டி வைத்திருக்கிறோம், திறக்கிறவர் ஊரில் இல்லை. இருந்தும், சரி என்று அனுப்பிவிட்டால், அவரோடு வாதாடத் தோதாக அவளிடம் இருந்த கடைசி விஷயமும் முடிந்துபோகும், மனசுக்குள்ளே தினமும் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாளே, செதிலக் காட்டுட்டி என்று அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருந்ததே, அதுவும் நின்றுவிடும். பின்னால் நின்றவர் "அம்மா, முன்னால போங்க" என்றார். நகர்ந்தாள். எழுதியதை அழித்தாள். 'அனுப்பு' என்று மட்டும் எழுதி அனுப்பினாள். நெஞ்சில் ஏதாவது உடையும் என்று எதிர்பார்த்தாள், ஒன்றும் உடையவில்லை, கவுண்டரில் இருந்தவன் சீட்டை வாங்கி, "இந்த மாத்திரை வேற கம்பெனிலதான் இருக்கு, பரவாயில்லையா?" என்றான், பரவாயில்லை என்றாள்.

மருந்துப் பையோடு திரும்பியபோது அவரை உட்காரவைத்த நாற்காலி காலியாக இருந்தது. வாசலைப் பார்த்தாள், மாடிப்படியைப் பார்த்தாள், இரண்டு வரிசை தள்ளி அவர் முதுகு தெரிந்தது. யாரோ ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஹெப்சிபாவின் வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, நெற்றியில் விபூதி, காதில் பெரிய கம்மல், மடியில் எக்ஸ்ரே உறை, எந்த விதத்திலும் அவள் சாடை இல்லை. அந்தப் பெண்ணின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கூச்சத்தில் நெளிந்துகொண்டு, ஆனாலும் கையை இழுக்காமல் இருந்தாள். ஹெப்சிபா கிட்டே வந்ததைக் கண்டதும், "உங்க வீட்டுக்காரங்களாம்மா? சொகமில்லாதவக போல, தானா வந்து புடிச்சாக, இருக்கட்டும்னு விட்டேன்" என்றாள் தாழ்ந்த குரலில். கோயில்பிள்ளை அண்ணாந்து பார்த்தார். பையோடு ஒரு பெண் நிற்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது. அவர் எப்போதும் மரியாதைக்காரர், ஒரு பெண்ணை நிற்கவைத்துவிட்டுத் தான் மட்டும் உட்கார்ந்திருக்கமாட்டார். நகர்ந்து இடம் விட்டு, அந்தப் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க" என்றார். "கூப்பிட நேரமாவும் போல." அவள் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பது முறையில்லை என்று நினைத்தவர் மாதிரி அவள் பக்கம் திரும்பி, "எந்த ஊரு?" என்றார்.

"பாளையங்கோட்டை" என்றாள்.

"அப்படியா!" முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. பக்கத்துப் பெண்ணின் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நாங்களும் அந்தப் பக்கந்தான்" என்றார்.